திருகோணமலையில் நல்ல சாப்பாடு தேடிய நாட்கள்

வியாழக்கிழமை, இரவு

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக வந்த பேருந்து மாலையில் திருகோணமலை நிலையத்தில் இறக்கிவிட்டது. வழியைப் பற்றி எழுத அதிகம் இல்லாததால், இந்தப் பயணத்தின் நோக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த நகரத்துக்கு வருபவர்களிற் பெரும்பாலானோர் கோணேசர் கோவிலையும் நிலாவெளிக் கடலையும் புறாத்தீவையும் பார்த்துவிட்டு, தங்கிய விடுதியில் கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். அங்கே சாப்பாடு பெரிதாக ஒன்றுமில்லை என்று ஊர் திரும்பியபின் சொல்பவர்களையும் நான் சந்தித்திருக்கிறேன். தெற்கே மகாவலி கடலிற் கலக்கும் கொட்டியாரக் குடா, மேற்கே கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்கள், வடக்கே மணற்றரையில் வெங்காயத் தோட்டங்கள், நகரத்தைச் சுற்றிக் கடல் என்று அமைந்த ஓரிடத்தில் நல்ல சாப்பாடு இல்லாதிருக்க முடியாது. தேடுகிற முறையில்தான் குறை இருக்க வேண்டும்.

ஆகவே எந்தக் கடை நல்ல கடை என்று நான் யாரிடமும் கேட்கப்போவதில்லை. எந்தப் பொருள் இந்த ஆனி மாதத்தில் நல்ல பருவத்தில் இருக்கிறது, அது எங்கே, எத்தனை மணிக்கு வந்து இறங்குகிறது, அந்த நேரத்தில் அங்கே நின்று வாங்கும் கடைக்காரர் யார் என்றே கேட்கப்போகிறேன். விடியற்காலையில் போய் நல்ல பொருளைப் பொறுக்கி வாங்குகிறவர் மதியத்தில் அதைக் கெடுத்துப் பரிமாறுவது அரிது.

டச் பே கடற்கரைக்கு அண்மையில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் தங்கியிருக்கிறேன். வீட்டுக்கார அம்மா தமது குசினியைப் பயன்படுத்தவும் அனுமதித்திருக்கிறார். என் நோக்கத்தைச் சொன்னதும் அவர் உடனே ஒரு விளக்கம் தந்தார்: "கடையில சாப்பிடுறதெண்டா என்ன கிழமை, என்ன நேரம் எண்டு பார்த்துத்தான் போகணும், பிள்ளை. வெள்ளிக்கிழமை மீன் கடைக்குப் போய் என்ன செய்யப்போறீங்க? நாளைக்குச் சைவம் சாப்பிடுங்க. மீனைச் சனிக்கிழமை பார்க்கலாம்." இதைவிட நல்ல வழிகாட்டலை எந்த ஏட்டிலும் நான் வாசித்ததில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு என்.சி. வீதிப் பக்கம் நடந்து போனேன். கொத்து ரொட்டிக் கடைகளைத் தேர்வதற்கு ஒரு வழி உண்டு. கல்லில் தகடு தட்டும் ஓசை எல்லாக் கடையிலும் ஒன்றுதான். பார்க்க வேண்டியது ரொட்டியை. காலையிலேயே சுட்டு அடுக்கி, விளிம்பு காய்ந்து சுருண்டுபோன ரொட்டியைக் கொத்தும் கடையில் எத்தனை முட்டை ஊற்றினாலும் பயனில்லை. நான் நின்ற கடையில் மா உருண்டைகள் எண்ணெய் பூசிய தட்டில் ஊறிக்கொண்டிருந்தன. கேட்கிறவருக்கு அப்போதே வீசிச் சுட்டு, சூடாறும் முன் கொத்தினார்கள். கோழிக்கறியின் குழம்பைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்து, கொத்தும்போது பாதியை ஊற்றி மீதியைப் பக்கத்தில் தந்தார்கள். இலங்கை முழுவதும் கொத்து ரொட்டிக்குப் போகும் கோதுமை மாவில் பெரும்பகுதி இங்கே சீனக்குடாவில் 1980 முதல் இயங்கிவரும் பிறிமா ஆலையில் அரைக்கப்படுவது என்பதை நினைக்கும்போது, இந்த உணவை இந்த நகரத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகவே பட்டது.

வெள்ளிக்கிழமை

காலைச் சாப்பாடு குழல் பிட்டு. எங்கள் பக்கத்தில் பிட்டு என்றால் பனையோலை நீத்துப்பெட்டியில் அவிப்பது வழக்கம், கிழக்கில் குழல். சந்தைக்குப் போகும் வழியில் ஓர் அம்மா வீட்டு வாசலில் மேசை போட்டு விற்றுக்கொண்டிருந்தார். பானையின் வாய்க்கும் குழலுக்கும் இடையில் துணி சுற்றி ஆவி போகாமல் இறுக்கியிருந்தார். வறுத்த அரிசி மாவில் ஒரு பிடி, துருவிய தேங்காயில் ஒரு பிடி என்று மாறி மாறிப் போட்டாரே தவிர, ஒருமுறையும் அழுத்தவில்லை. மேலே ஆவி நேராகக் கிளம்பியதும் குழலைச் சரித்து, பின்புறமிருந்து கோலால் தள்ளினார். பிட்டு முழுதாக வந்து இலையில் விழுந்து, விழுந்த இடத்திலேயே தேங்காய் வைத்த ஒவ்வொரு இடத்திலும் பிரிந்தது. மா கட்டிபட்டிருந்தால் அப்படிப் பிரியாது. அதற்குச் சொதியும் சம்பலும் போதும்.

சம்பலைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். அதில் போட்டிருந்த சிவப்பு வெங்காயம் நிலாவெளி, கும்புறுப்பிட்டிப் பக்கத்து மணற்பாங்கான தோட்டங்களில் விளைவது. கிணற்று நீர் பாய்ச்சி வளர்க்கும் இந்த வெங்காயம் சிறியது, தோல் இறுகியது, உரிக்கும்போதே கண்ணைக் கரிப்பது. சந்தையில் இதனருகிலேயே வெளியிலிருந்து வரும் பெரிய வெங்காயமும் குவிந்து கிடக்கிறது. சம்பலுக்குப் பெரிய வெங்காயத்தை அரிந்து போட்டால் அது நீர்விட்டு, தேங்காயை நனைத்து, அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் சோர்ந்துபோகச் செய்துவிடும். சிவப்பு வெங்காயத்தை உப்புடனும் செத்தல் மிளகாயுடனும் முதலில் இடித்து, பிறகே தேங்காயைச் சேர்த்து, கடைசியில் தேசிக்காய் பிழிய வேண்டும். ஒரு கடையின் சம்பலில் எந்த வெங்காயம் கிடக்கிறது என்று பார்த்தால், அந்தக் கடையின் மற்றக் கறிகளைப் பற்றியும் பாதி தெரிந்துவிடும்.

நகரச் சந்தையின் மரக்கறிப் பகுதி இரண்டு வகையானது. உள்ளே இருக்கும் கடைகளில் கரட், லீக்ஸ், போஞ்சி, கோவா எல்லாம் தம்புள்ளை மொத்தச் சந்தையிலிருந்து பாரவண்டியில் வந்தவை. அவற்றை இலங்கையின் எந்த நகரத்திலும் வாங்கலாம். நான் தேடியது வெளி ஓரத்தில், சாக்கை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களை. தம்பலகாமம், கன்னியா, ஆலங்கேணி என்று சுற்றுக் கிராமங்களிலிருந்து முதல் பேருந்தில் வருகிறவர்கள் இவர்கள். ஒருவரிடம் வல்லாரையும் பொன்னாங்காணியும், இன்னொருவரிடம் பிஞ்சுக் கத்தரிக்காய், வேறொருவரிடம் முருங்கைக்காயும் வாழைப்பூவும் இருந்தன. ஒரு மூதாட்டியின் முன்னால் ஓலைக் குட்டானில் பாலைப்பழம் இருந்தது. காட்டில் விளையும் இந்த மஞ்சட் பழம் இந்தப் பருவத்தில் மட்டுமே வரும். உதட்டில் பால் ஒட்டும், தேன்போல் இனிக்கும். மறுநாள் வரை வைத்திருக்க இயலாது என்பதாலேயே இது பெரிய கடைகளுக்கு வருவதில்லை. ஒன்பது மணிக்குள் இந்தப் பெண்களிற் பாதிப்பேர் விற்றுமுடித்து எழுந்துவிடுகிறார்கள். சந்தைக்கு எத்தனை மணிக்குப் போவது என்ற கேள்விக்கு அதுவே விடை.

சரக்குக் கடைக்கு முற்பகலிலேயே போய்விட வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காக முஸ்லிம் வியாபாரிகளின் கடைகள் மூடப்படும். வெளியூரிலிருந்து வருபவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. கடைக்கார நானா கறுவாப்பட்டையை இரண்டு தட்டில் வைத்துக் காட்டினார். ஒன்று மெல்லிய தாள்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு, விரலால் அழுத்தினால் நொறுங்கும் இலங்கைக் கறுவா. மற்றது தடித்த ஒற்றைப் பட்டையாகச் சுருண்ட வெளிநாட்டுச் சரக்கு. "புரியாணிக் கடைக்காரங்க சில பேர் இதைத்தான் கேட்பாங்க, தங்கச்சி. விலை குறைவு. ஆனா வாசம் வேற" என்றார். எந்தெந்தப் புரியாணிக் கடைக்கு நல்ல கறுவா போகிறது என்று நான் கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டு ஒரு கடையை மட்டும் சொன்னார். அது கிண்ணியாவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு அதைக் குறித்துக்கொண்டேன்.

மதியம் கோவிலுக்கு அண்மையிலிருந்த ஒரு சைவக் கடையில் சாப்பிட்டேன். காலையில் சாக்குக்காரப் பெண்களிடம் பிஞ்சுக் கத்தரிக்காய் மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்த ஒரு முதியவரைக் கவனித்து, எந்தக் கடைக்கு என்று கேட்டு வைத்திருந்தேன். வாழையிலையில் சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, வல்லாரைச் சம்பல், கத்தரிக்காய்ப் பால்கறி, மோர் மிளகாய். கத்தரிக்காயை முழுதாகப் பொரித்துப் பிறகு பாலில் போட்டிருந்தார்கள். காம்பைப் பிடித்துத் தூக்கினால் சதை தானாகக் கழன்று சோற்றில் விழுந்தது. வல்லாரையை அரிந்தவுடன் தேங்காயும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துக் கலந்திருந்ததால் பச்சை நிறம் மாறவில்லை. காலையில் அரிந்து வைத்த வல்லாரை மதியத்தில் கறுத்துக் கசக்கும். சைவக் கடைகளை இந்த ஒரு சம்பலை வைத்தே தரம் பிரிக்கலாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

சனிக்கிழமை

நான் வந்ததே இந்த நாளுக்காகத்தான். விடியுமுன் முச்சக்கரவண்டியில் உப்புவெளியைத் தாண்டிச் சல்லிக் கடற்கரைக்குப் போனேன். வாடைக்காற்று அடிக்கும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கிழக்குக் கடல் கொந்தளித்துக் கிடக்கும். சித்திரை முதல் புரட்டாதி வரை சோளகம் மேற்கிலிருந்து வீசுவதால் இந்தக் கரை அமைதியாக இருக்கும். அந்த மாதங்களே கரைவலைக்கு உரியவை. தோணியில் வலையை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் அரைவட்டமாகப் போய், வலையை விட்டபடியே திரும்பி, கரையின் இன்னோரிடத்தில் மறுமுனைக் கயிற்றைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். இரண்டு முனையிலும் ஆட்கள் வரிசையாக நின்று இழுக்க, இரண்டு வரிசையும் மெல்ல மெல்ல நெருங்கி வர, கடைசியில் மடி கரை தொடுகிறது. இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இழுப்பவர்களின் வேகம் அம்பாப் பாட்டின் தாளத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டிருந்தது.

மடியை அவிழ்த்தபோது பெரும்பாலும் சூடையும் நெத்தலியும் இருந்தன. இடையிடையே கும்பிளா, பாரைக் குட்டிகள், கொஞ்சம் கணவாய். சூடை மீனின் முதுகில் ஒரு நீலப்பச்சை நிறம் உண்டு. கடலிலிருந்து வந்த முதல் மணி நேரத்துக்குள் அது மங்கிச் சாம்பல் நிறமாகிவிடும். செதில்கள் கையில் ஒட்டத் தொடங்கிவிடும். அந்த நீலப்பச்சை போகுமுன் மீன் சட்டிக்குப் போக வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விடயம். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் ஆட்கள் கூடை கூடையாக ஏலம் கூற, வியாபாரிகள் வாங்கி மோட்டார் சைக்கிளில் கட்டிய பெட்டிகளில் ஏற்றினார்கள். அவர்களுக்கிடையில் ஒருவர் மட்டும் ஏலத்தில் சேராமல், கரையோரத்தில் குந்தியிருந்து கணவாய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறம் கண்ணாடிபோல் ஊடுதெரிகிறதா, புள்ளிகள் இன்னும் விரிந்து சுருங்குகின்றனவா என்று பார்க்கிறார் என்பது புரிந்தது. அவரிடம் போனேன்.

"அண்ணே, இது கடைக்கா, வீட்டுக்கா?"

"கடைக்குத்தான் அக்கா. சின்னக் கடை. போர்டும் இல்ல."

"எப்ப வந்தாச் சாப்பிடலாம்?"

"பதினொண்டரைக்கு வாங்க. பன்னிரண்டரை தாண்டினாக் கணவாய் இருக்காது. பொரியலும் இருக்காது. பிறகு வாறவங்களுக்குப் பருப்பும் முட்டையும்தான்."

அங்கிருந்து நகர மீன் சந்தைக்கு வந்தேன். இங்கே மூன்று வகை மீன் ஒரே மேசையில் கிடக்கிறது. அதைப் பிரித்தறியாமல் வாங்குபவர்கள்தாம் ஏமாந்துபோகிறார்கள். கரைவலையில் வந்தது அன்று காலை மீன். சிறிய படகுகள் இரவு போய்க் காலையில் கொண்டுவரும் பாரை, விளைமீன், அறுக்குளா எல்லாம் ஓர் இரவு மீன். சீனக்குடாப் பக்கத்துக் கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்கு வரும் பலநாட் படகுகள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் நின்று ஐஸில் வைத்துக் கொண்டுவரும் சூரை வகைகள் மூன்றாவது. மூன்றாவது வகையைத் தாழ்வாக எண்ணத் தேவையில்லை. ஐஸ் சரியாக இருந்திருந்தால் அது நல்ல மீன்தான். ஆனால் சூரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். அந்த இனத்து மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலிற் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உருவாகும். அது எத்தனை நேரம் கொதிக்கவைத்தாலும் அழியாது. உண்டவருக்கு முகம் சிவந்து, தலைவலி வந்து, உடல் தடித்துவிடும். நாக்கில் மிளகுபோல் ஒரு குத்தல் தெரிந்தால் அந்தக் கறியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். ஐஸில் புதைத்து வைத்து விற்பவரிடம் மட்டும் சூரை வாங்குங்கள். பலகையின்மேல் அழகாக அடுக்கி, தண்ணீர் தெளித்து விற்பவரிடம் வேண்டாம்.

பாரை விற்ற இளைஞர் நான் கேட்குமுன்பே செவுளை விரித்துக் காட்டினார். செந்நிறம், வழவழப்பு, கடல் மணம் தவிர வேறு மணமில்லை. விரலால் அழுத்திய இடம் உடனே எழுந்து நின்றது. அரைப் பாரை வாங்கி, கறித் துண்டாக வெட்டித் தரச் சொன்னேன். தலையையும் கேட்டு வாங்கிக்கொண்டேன், ஏனென்றால் சொதிக்கு அதைவிட நல்லது வேறில்லை.

பதினொன்றரைக்கு அந்தக் கடைக்குப் போனேன். தகரக் கூரை, நான்கு மேசை, பின்புறம் திறந்த அடுப்பு. கணவாயைச் சமைப்பதில் இடைவழி கிடையாது. ஓரிரு நிமிடத்தில் எடுக்க வேண்டும், அல்லது அரை மணி நேரத்துக்கு மேல் வேகவிட வேண்டும். இடையில் எடுத்தால் இறப்பரைத்தான் மெல்ல நேரும். இவர் முதல் வழியைத் தெரிந்தெடுத்திருந்தார். சிவப்பு வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ரம்பை எல்லாவற்றையும் முதலில் வதக்கி, தூளைப் போட்டுப் பச்சை மணம் போனபின், வளையமாக அரிந்த கணவாயை இறக்கி இரண்டு மூன்று தடவை புரட்டியதும் அடுப்பிலிருந்து எடுத்துவிட்டார். பக்கத்தில் சூடைப் பொரியல். முள்ளோடு மெல்லலாம். அதற்கு மஞ்சளும் உப்பும் மிளகாய்த் தூளும் தவிர வேறெதுவும் பூசவில்லை. முருங்கையிலை வறையும் மாங்காய் போட்ட மீன் குழம்பும் சோற்றைச் சுற்றி இருந்தன. எங்கள் யாழ்ப்பாணத்துக் குழம்பு வறுத்த தூளின் கருநிறமும் காரமுமாக முன்னால் வந்து நிற்கும். இங்கே தேங்காய்ப் பால் கூடுதல், மல்லி கூடுதல், மீனின் சுவை குழம்புக்கு மேலே தெரிகிறது. மீன் அன்றைக்கே வந்ததாக இருக்கும் ஊரில் அப்படிச் சமைப்பதே முறை என்று எனக்குத் தோன்றியது. சுற்றுலா விடுதிகளின் கடற்கரை மேசையில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துப் பரிமாறும் மீனுக்கு இதைப்போல் பல மடங்கு விலை கொடுப்பவர்கள், ஒரு மதியம் இப்படியொரு தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

இரவு வீட்டுக்கார அம்மாவின் குசினியில் பாரைத் தலைச் சொதி வைத்தோம். அவர் வெந்தயத்தைத் தாளிக்காமல், முதலிலேயே இரண்டாம் பாலில் போட்டுக் கொதிக்கவைத்தார். தலைப்பாலைச் சேர்த்தபின் கொதிக்கவிடாமல் இறக்கினார். இனி வீட்டிலும் அப்படியே வைப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை

கிண்ணியாவுக்குப் பேருந்தில் போனேன். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. அப்போது இலங்கையின் மிக நீளமான பாலம் அதுவே. அதற்குமுன் இந்த நீரைக் கடக்கப் பாதைப்படகுக்குக் காத்திருக்க வேண்டும். பால், தயிர், இறால் போன்ற பொருட்களுக்கு அந்தக் காத்திருப்பு எத்தகைய இழப்பாக இருந்திருக்கும் என்பதைப் பாலத்தின் நடுவில் வரும்போது எண்ணிப் பார்த்தேன்.

மூதூர் வீதியில் எருமைத் தயிர்ச் சட்டிகளை அடுக்கி வைத்திருந்த ஓர் இடத்தில் இறங்கினேன். எருமைப் பாலில் கொழுப்பு 7 வீதத்துக்கும் மேல் இருக்கும். பசுப்பாலில் 4 வீதம் அளவே. அதனால்தான் தயிர் கத்தியால் வெட்டும் பதத்துக்கு உறைகிறது. மண்சட்டிக்கும் அதில் பங்குண்டு. சுடப்பட்ட மண் மிகுதி நீரை உறிஞ்சிக்கொள்வதால் தயிர் மேலும் இறுகும். பிளாஸ்ரிக் பாத்திரத்தில் உறையவைத்த தயிருக்கு அந்த இறுக்கம் வராது. விற்ற ராத்தா ஒரு சட்டியின் தாளை அவிழ்த்து, நன்றாகச் சரித்துப் பிடித்துக் காட்டினார். தயிர் அசையவில்லை, ஓரத்தில் நீரும் கசியவில்லை. மேலே மஞ்சள் படர்ந்த ஆடை. நேற்று உறைபோட்டது என்றார். இன்று காலை உறைந்தது புளிப்பே இல்லாமலிருக்கும். இரண்டு நாளானது புளிக்கும். இடைப்பட்டதுதான் பனங்கட்டிக்குப் பொருத்தம். "முந்தி எங்கட மாடுகள் மேயாத இடமில்ல. இப்ப மேய்ச்சல் தரை குறைஞ்சு போச்சு, தங்கச்சி. பாலும் குறைவு" என்று அவர் சொன்னபோது, அந்தச் சட்டியின் விலையைப் பற்றிப் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. எருமைகள் மேயும் புல்வெளி இல்லாமல் இந்தத் தயிர் இல்லை. கிழக்கின் மேய்ச்சல் நிலங்கள் காப்பாற்றப்பட வேண்டும் என்பதை உணவை விரும்பும் ஒவ்வொருவரும் உரத்துச் சொல்ல வேண்டும்.

நானா சொன்ன கடை கிண்ணியாக் கடைத்தெருவில் இருந்தது. ஆட்டிறைச்சிப் புரியாணியின் மூடியைத் திறந்தபோதே கறுவாவின் வாசம் தெரிந்தது. ஏலக்காயும் கராம்பும் அதன் பின்னால்தான் வந்தன. அரிசி ஒவ்வொன்றும் தனித்து நின்றது. ஆனால் கடைக்காரர் என்னைப் புரியாணியோடு விடவில்லை. "புரியாணி எந்த ஊர்லயும் சாப்பிடலாம். எங்கட ஆத்து இறால் ஆணத்தைச் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். நன்னீரும் கடல்நீரும் கலக்கும் இடத்து இறாலுக்கு ஓர் இனிப்பு உண்டு. தலையை எடுக்காமல் சமைத்திருந்ததால் அந்த இனிப்பு முழுவதும் குழம்பில் இறங்கி, மேலே செம்மஞ்சள் எண்ணெயாக மிதந்தது. அன்றைய சாப்பாட்டில் அதுவே சிறந்தது. கடைசியில் வட்டிலப்பம். முட்டை, தேங்காய்ப் பால், கித்துள் சர்க்கரை, ஏலக்காய், அவ்வளவுதான். துளைகள் பெரிதாக விழாமல் இறுக்கமாக அவிந்திருந்தது. தீ கூடினால் அது அப்படி வராது.

திரும்பும்போது தம்பலகாமத்தில் ஓர் அரிசி ஆலைக்குப் போனேன். கந்தளாய்க் குளத்து நீரில் விளையும் நெல்லை இங்கே ஊறவைத்து, அவித்து, முற்றத்தில் உலர்த்தி, பிறகு குற்றுகிறார்கள். அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதால், புழுங்கலரிசி பச்சையரிசியைவிட உடம்புக்கு நல்லது. வாங்குமுன் ஒரு பிடியை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். ஊறல் தண்ணீரை மாற்றாமல் விட்டிருந்தால் ஒரு புளித்த நாற்றம் வரும், சமைத்தபின்னும் போகாது. நான் பார்த்த அரிசியில் அது இல்லை. சிவப்புக் கோடுகள் எல்லா அரிசியிலும் தெரிந்தன. பிட்டு மாவுக்குப் பச்சையரிசியும் சேர்த்து, தூக்கக்கூடிய அளவு வாங்கினேன்.

திங்கட்கிழமை

கருவாடு வாங்குவதற்கென்று காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினேன். மணலில் நேரடியாகப் போட்டு உலர்த்தியதா, பாயிலோ பரணிலோ உலர்த்தியதா என்பதை அறிய, இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தால் போதும், மணல் உதிரும். நெத்தலி வளைத்தால் ஒடிய வேண்டும். கட்டாக் கருவாடு ஒடியக்கூடாது, வளைய வேண்டும். முழுக்கக் காய்ந்ததைக் கறியாக்கினால் நார்தான் மிஞ்சும். உப்பு வெண்மணியாகப் பூத்திருப்பது குற்றமில்லை, சிவப்புப் படர்ந்திருந்தால் வாங்கக்கூடாது. கருவாட்டைத் தாளில் சுற்றி, அதன்மேல் சாக்குத் துணி சுற்றிக் கட்டித் தரச் சொன்னால் பேருந்தில் பக்கத்து ஆசனக்காரருக்குத் தொல்லை இராது.

வழிக்குச் சோற்றுப் பார்சல் வாங்கச் சனிக்கிழமைக் கடைக்கே போனேன். வாழையிலையில் கட்டித் தரும்படி கேட்டேன், தயங்காமல் கட்டித் தந்தார். இதை எல்லோரும் கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன். இந்த நகரத்தின் புள்ளிமான்கள் கோட்டைக்குள் மட்டுமல்ல, சந்தை, பேருந்து நிலையம் வரை வந்து குப்பையை மேய்கின்றன. பொலித்தீன் உணவுத்தாள்களுக்கு 2017இல் தடை வந்தபோதும், கறி மணத்துடன் வீதியிற் கிடக்கும் தாள்களை அவை இன்னமும் தின்கின்றன. வயிற்றில் பொலித்தீன் அடைத்த மான் பசியோடுதான் சாகும். இலை கேட்கும் வாடிக்கையாளர் கூடினால் கடைக்காரர் இலை வாங்குவார். தோட்டக்காரருக்கும் அதில் வருமானம் உண்டு.

வேறு மாதங்களில் வரவிருப்பவர்கள் அப்போது என்ன நன்றாகக் கிடைக்கும் என்று கேட்டிருந்தார்கள். கார்த்திகை, மார்கழியில் வந்தால் கரைவலையை எதிர்பார்க்க வேண்டாம். அப்போது கொட்டியாரக் குடாவின் உட்பகுதி இறாலும் நண்டும், கந்தளாய்க் குளத்து நன்னீர் மீனும்தான் சந்தையில் நன்றாக இருக்கும். கருவாட்டுக்கும் அந்த மாதங்களிலேதான் விலை ஏறும், ஆகவே புரட்டாதிக்குள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாலைப்பழத்துக்கு ஆனி, ஆடி. புது அரிசிக்குப் பெரும்போக அறுவடை முடியும் பங்குனி. ஆலைக்காரரிடம் அதற்கும் சொல்லி வைத்திருக்கிறேன். ஆலையில் சாக்குத் தட்டுப்பாடு இருப்பதால், வரும்போது இரண்டு வெறும் சாக்கு கொண்டுவரும்படி சொன்னார்.